கடை மூடினா சரக்கு எங்க போகுது? ஜோ லியோனார்டோட 'அனலாக்' பத்தி

கேள்வி இது: "நியூயார்க் மோமா மியூசியம் சைட்ல ஜோ லியோனார்ட்ங்கறவங்களோட 'அனலாக்' பார்த்தேன். பழைய கடை, கை எழுத்து போர்டு, ஷட்டர், துணி மூட்டைன்னு 412 போட்டோ. மனுஷங்களே அனேகமா இல்ல. இதுல என்ன கலை இருக்கு? கூகுள் ஸ்ட்ரீட் வியூ இதைத்தானே ஓசியில பண்ணுது?"

நியாயமான கேள்விதான், கிண்டலுக்கு கேட்டிருந்தாலும் சரி. ஸ்ட்ரீட் வியூ விஷயத்துக்கு அப்புறமா வரேன். ஆனா இதை "ஐயோ பழைய கடையெல்லாம் போச்சே"ன்னு புலம்புற போட்டோ ஆல்பமா மட்டும் பார்த்தா பாதிதான் பார்த்த மாதிரி. மீதி பாதி அந்த துணி மூட்டையில இருக்கு, அதை நீங்களே கேள்வியில சொல்லிட்டீங்க, ஆனா அதை விட்டுட்டு ஷட்டர் பக்கம் போயிட்டீங்க.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஜோ லியோனார்ட் 1961-ல பிறந்த அமெரிக்க ஆர்ட்டிஸ்ட், எய்ட்ஸ் போராட்டம் சூடா இருந்த காலத்துல நியூயார்க்ல ஆக்ட் அப் அமைப்புல இருந்தவங்க. 1998-ல தன் சொந்த ஏரியாவான லோயர் ஈஸ்ட் சைடுல கடை முகப்புகளை படம் எடுக்க ஆரம்பிச்சாங்க, அது 2009 வரைக்கும் போச்சு. கடைசியில 412 ப்ரிண்ட், ஒவ்வொண்ணும் 11 இஞ்ச் சதுரம், சிலது கலர், சிலது கருப்பு வெள்ளை, மொத்தத்தையும் 25 அத்தியாயமா பிரிச்சு செவுத்துல கட்டம் கட்டமா மாட்டறாங்க. 2007-ல ஒஹையோ மாநிலத்துல வெக்ஸ்னர் சென்டர்லயும், ஜெர்மனி காஸல்ல நடக்கற டாக்குமென்டா கண்காட்சியிலயும் காட்டினாங்க, மோமாவுல வந்தது 2015-ல.

இப்ப அந்த ஏரியா பத்தி கொஞ்சம் தெரிஞ்சாதான் படம் பிடிபடும். லோயர் ஈஸ்ட் சைடு மன்ஹாட்டன்ல தென்கிழக்கு மூலை. 1880-கள்ல இருந்து கிழக்கு ஐரோப்பா யூதர்கள், இத்தாலிக்காரங்க எல்லாம் கப்பல்ல வந்து இறங்கினதும் முதல்ல ஒண்டிக்கிட்ட இடம். ஒரு ரூம்ல எட்டு பேர், அதே ரூம்ல தையல் மெஷின், கீழ தெருவுல தள்ளுவண்டி. ஹெஸ்டர் ஸ்ட்ரீட், ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட் எல்லாம் தள்ளுவண்டி வியாபாரத்துக்கு பேர் போன தெருக்கள். ரோட்டை அடைக்கறாங்கன்னு சொல்லி மேயர் லகார்டியா 1940-ல எசெக்ஸ் ஸ்ட்ரீட்ல ஒரு கூரை போட்ட மார்க்கெட் கட்டி வண்டிக்காரங்களை உள்ள தள்ளினார். (தெருவுல விக்கறவனை கட்டடத்துக்குள்ள அனுப்பி "ஒழுங்கு பண்ணிட்டோம்"னு சொல்றது எந்த ஊர்லயும் நடக்கற கதைதான்.) யூதர்கள் சனிக்கிழமை கடையை மூடிட்டு ஞாயித்துக்கிழமை திறப்பாங்க, ஊர்ல மத்த கடையெல்லாம் ஞாயிறு லீவுங்கறதால மொத்த நியூயார்க்கும் பேரம் பேச ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட்டுக்கு வரும். அப்புறம் போர்ட்டோ ரீக்கோக்காரங்க, டொமினிக்கன்ஸ், 1965 குடியேற்றச் சட்டத்துக்கு அப்புறம் சைனாடவுன் விரிஞ்சு சீனாக்காரங்க. ஆள் மாறுவாங்க, கடை போர்டுல மொழி மாறும், ஆனா கடையோட சைஸ் மாறாது, ஒரு குடும்பம் பார்த்துக்கற அளவு, கல்லாவுல அப்பா, உள்ள அம்மா. இதுதான் இங்க நூறு வருஷமா நடந்த வியாபாரம்.

லியோனார்ட் கேமராவை எடுத்தது இந்த சைஸே மாற ஆரம்பிச்ச நேரத்துல. இதுக்கு ரசனை மாறிப்போச்சு, ஜனங்க மால் பக்கம் போயிட்டாங்கன்னு எல்லாம் காரணம் சொல்வாங்க, அதுவும் உண்டுதான், ஆனா சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கறதை யாரும் பேசறதில்ல. நியூயார்க்ல வீட்டு வாடகைக்கு லட்சக்கணக்கான வீடுகள்ல கட்டுப்பாடு உண்டு, கடை வாடகைக்கு கிடையாது. ஒரு காலத்துல இருந்துச்சு, 1945-ல இருந்து 1963 வரைக்கும், அதுக்கப்புறம் எடுத்துட்டாங்க. கடைக்காரங்களுக்கு அக்ரிமென்ட் புதுப்பிக்க உரிமை கொடுக்கணும்னு 1986-ல சிட்டி கவுன்சில்ல ஒரு மசோதா வந்துச்சு, அது திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கு, ஒரு தடவை கூட பாஸ் ஆகல. அதனால பத்து வருஷ அக்ரிமென்ட் முடியற அன்னைக்கு பில்டிங் ஓனர் மூணு மடங்கு வாடகை கேட்டாலும் சட்டப்படி தப்பில்ல. முப்பது வருஷமா ஜிப்பும் பட்டனும் வித்துக்கிட்டிருந்தவர் என்ன பண்ணுவார், "கடையை காலி பண்றோம், எல்லாம் பாதி விலை"ன்னு ஒரு அட்டையை ஒட்டிட்டு சரக்கை தள்ளிவிட்டுட்டு போயிடுவார். 'அனலாக்'ல அப்படி அவசரமா எழுதின அட்டைகளை பார்க்கும்போது இந்த அக்ரிமென்ட் சமாச்சாரத்தையும் மனசுல வச்சுக்கங்க.

கேமரா விஷயத்தையும் சொல்லியாகணும், ஏன்னா இந்த வேலையில கேமராவும் ஒரு பாத்திரம். அவங்க யூஸ் பண்ணது 1940-கள்ல செஞ்ச ஒரு ரோலிஃப்ளெக்ஸ். மேல கீழ ரெண்டு லென்ஸ், நம்ம ஊர் ஸ்டுடியோக்காரங்க கழுத்துல தொங்கின யாஷிகா டைப். கண்ணு கிட்ட வச்சு பார்க்கறதில்ல, வயித்து கிட்ட பிடிச்சுக்கிட்டு தலையை குனிஞ்சு மேல இருக்கற கண்ணாடியில பார்க்கணும். அந்த கண்ணாடியில இடது வலதா தெரியும், வலது இடதா தெரியும். இப்ப கடை போர்டை படம் எடுக்கறவங்களுக்கு இது என்ன பண்ணும்னு யோசிங்க. எழுத்து எல்லாம் திருப்பி தெரியும், படிக்கவே முடியாது. படிக்க முடியாதப்போ கண்ணு வேற வேலை பார்க்க ஆரம்பிக்கும், பெயின்ட் உரிஞ்சது, எழுத்தோட இடைவெளி ஒரு பக்கம் நெருக்கமா போனது, கடைசி எழுத்துக்கு இடம் பத்தாம பெயின்டர் அதை சின்னதா சொருகினது, ஷட்டர்ல பாதி வரைக்கும் துரு ஏறினது, இதெல்லாம்தான் கண்ணுல படும். ஒரு ரோலுக்கு பன்னெண்டே படம். அப்புறம் ரோல் மாத்தணும், தெருவுல நின்னுக்கிட்டு. ஆக ஒரு கடை முன்னாடி சும்மா கிளிக்கிட்டு போக முடியாது. ப்ரிண்ட் போடும்போதும் படத்தை வெட்டல, நெகட்டிவ்வோட கருப்பு ஓரம் தெரியற மாதிரியே போட்டிருக்காங்க, இதை எடுத்தது ஃபிலிம்லன்னு மறக்கக்கூடாதுங்கற மாதிரி.

இந்த வகை போட்டோவுக்கு ஒரு பரம்பரை இருக்கு. பாரிஸ்ல யூஜின் ஆட்ஷே, பழைய பாரிஸை இடிச்சு அகலப்படுத்தின காலத்துக்கு அப்புறம், மிச்சம் இருந்த கடை முகப்பு, மாடிப்படி, கதவுன்னு பல வருஷம் பெரிய பெட்டி கேமராவைத் தூக்கிட்டு அலைஞ்சவர். 1912-ல ஒரு கோர்செட் கடையை எடுத்திருப்பார், வாசல்ல தொங்கற உள்ளாடை பொம்மைங்க வரிசையில ஒண்ணு மட்டும் காத்துல ஆடி மங்கலா இருக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் அது. 1927-ல அவர் செத்ததும் அவரோட கலெக்ஷனை பெரனீஸ் ஆபட்ங்கற அமெரிக்க போட்டோகிராஃபர் வாங்கி நியூயார்க் கொண்டு வந்தாங்க, பின்னாடி 1968-ல அது மோமாவுக்கே போச்சு. ஆபட் 1935-ல இருந்து 1939 வரைக்கும், பொருளாதாரம் படுத்துக்கிடந்த நேரத்துல, ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்ட்ல அரசாங்க சம்பளத்துல நியூயார்க் மாறிக்கிட்டிருக்கறதை படமா எடுத்தாங்க. அதுல இதே லோயர் ஈஸ்ட் சைடு இருக்கு. ஹெஸ்டர் ஸ்ட்ரீட் கோழிக் கடை இருக்கு. ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட் முனையில சோளம் விக்கறவர் இருக்கார். பவரிங்கற தெருவுல ஒரு இரும்புக் கடை இருக்கு, சட்டி, வாளி, கத்திரி, சங்கிலி எல்லாம் கடைக்கு வெளிய தொங்கி நடைபாதையே கடையா ஆகியிருக்கும், ஒரு பொருள் கூட மங்கலா இல்லாம ஊசி மாதிரி ஷார்ப்பா இருக்கும்.

லியோனார்ட் இந்த ரெண்டு பேரையும் நல்லா கரைச்சு குடிச்சவங்கன்னு படத்தைப் பார்த்தாலே தெரியுது. ஆனா அவங்க ஆட்ஷேவோடயும் ஆபட்டோடயும் நின்னிருந்தா நான் இவ்வளவு எழுத மாட்டேன். அவங்க ரெண்டு பேரும் ஊருக்குள்ளயே இருந்தாங்க. லியோனார்ட் ஊரை விட்டு கிளம்பிட்டாங்க.

நியூயார்க்ல ப்ரூக்ளின் பக்கம் பழைய துணி குடோன்கள் இருந்துச்சு. அமெரிக்காவுல ஜனங்க தர்மத்துக்குன்னு பெட்டியில போடற துணி எல்லாம் ஏழைக்குப் போகுதுன்னு பலரும் நினைக்கறாங்க, அதுல ஒரு சின்ன பங்குதான் அங்க இருக்கற தர்மக் கடையில விலைக்குப் போகும். மீதி எடைக்குத்தான் போகும். ஒரு வியாபாரி வாங்கி ஜீன்ஸ் தனி, குழந்தை துணி தனி, கோட் தனி, கிழிசல் தனின்னு தரம் பிரிச்சு, மெஷின்ல அமுக்கி, பிளாஸ்டிக் சுத்தி, பட்டை கட்டி பேல் ஆக்கி, கன்டெய்னர்ல ஏத்தி அனுப்புவார். லியோனார்ட் அந்த பேல்களை படம் எடுத்தாங்க. அப்புறம் அது எங்க போய் இறங்குதோ அங்கயும் போனாங்க: உகாண்டாவுல கம்பாலா, இன்னும் கிழக்கு ஐரோப்பா, கியூபா, மெக்சிகோ, மத்திய கிழக்குன்னு அந்தந்த ஊர் சந்தைங்க. நியூயார்க் தெருவுல ஆரம்பிச்ச கட்டம் மெதுவா கம்பாலா தரைக்கடைக்கு போகும், ஒரு அத்தியாயத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கடல் தாண்டியிருப்போம், ஆனா படத்தோட சைஸ் அதே, தூரம் அதே, சட்டை ஹேங்கர்ல தொங்கற விதம் கூட அதே. தலைப்பு எழுதி "இது ஆப்பிரிக்கா பாரு"ன்னு சொல்லல. எந்த ஊர்னு ஒரு நொடி குழம்புவீங்க, அந்தக் குழப்பம் வேணும்னுதான் அப்படி அடுக்கியிருக்காங்கன்னு நான் நினைக்கறேன்.

ஒரு பேலை கிட்டப் பார்த்தா எப்படி இருக்கும் தெரியுமா. பட்டை இறுக்கின இடத்துல துணி பிதுங்கி, ஒரு பக்கம் சட்டைக் காலர், இன்னொரு பக்கம் கோடு போட்ட பனியன் ஓரம், எது யாருதுன்னு சொல்ல முடியாத ஒரு கலர் கட்டி. ஒரு காலத்துல தனித்தனியா ஒவ்வொருத்தர் உடம்புல இருந்தது, இப்ப எடை. உகாண்டாவுல இதுக்கு மிவும்பான்னு பேரு. கம்பாலா ஓவினோ மார்க்கெட்ல வியாபாரி பேலைத்தான் வாங்கணும், உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சப்புறம்தான் தெரியும், நல்ல சரக்கு வந்தா லாபம், கறையும் கிழிசலுமா வந்தா அன்னைக்கு நஷ்டம். அப்புறம் அங்க இருக்கற தையல்காரங்க பெரிய சைஸை பிடிச்சு சின்னதாக்கி, பட்டன் மாத்தி, இஸ்திரி போட்டு திரும்ப புதுசா தொங்க விடுவாங்க. திருப்பூர்ல தைச்சு அமெரிக்காவுக்கு போன டீஷர்ட் கூட சுத்தி வந்து அங்க தொங்க நல்ல வாய்ப்பிருக்கு.

இதுக்குப் பின்னாடி இருக்கற அரசியல் லேசுப்பட்டதில்ல. உகாண்டா பருத்தி விளையற நாடு. 1950-கள்ல ஜிஞ்ஜாவுல பெரிய துணி மில் ஓடுச்சு. 1972-ல இடி அமீன் ஆசியக்காரங்களை நாட்டை விட்டுத் துரத்தினார், அந்த பத்து வருஷத்துல தொழில் எல்லாம் சீரழிஞ்சுது, பின்னாடி சந்தையை திறந்து விட்டதும் பழைய துணி வெள்ளமா வந்துச்சு. 2016-ல கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து 2019-க்குள்ள பழைய துணி இறக்குமதியை நிறுத்தறோம்னு முடிவு பண்ணாங்க. அமெரிக்காவுல பழைய துணி வியாபாரிங்க சங்கம் புகார் கொடுத்துச்சு, உடனே அமெரிக்க அரசாங்கம் வரியில்லாம நீங்க ஏற்றுமதி பண்ற சலுகையை புடுங்கிடுவோம்னு மிரட்டுச்சு. கென்யா, உகாண்டா, தான்சானியா எல்லாம் பின்வாங்கிட்டாங்க, ருவாண்டா மட்டும் உறுதியா நின்னுச்சு, 2018-ல அவங்களோட ஆயத்த ஆடைக்கான சலுகை போச்சு. லியோனார்ட் கேமராவை வச்சது இந்த சண்டை வெடிக்கறதுக்கு பல வருஷம் முன்னாடி. "கடை மூடிட்டாங்க"ங்கறது அந்தத் தெருவோட கதைதான், சரக்கு மட்டும் அங்க நிக்கலங்கறதை ஒரு துணி மூட்டையை பின்தொடர்ந்து காட்டினது, அதான் எனக்கு இதுல பெரிய விஷயமா படுது. இதை ஒரு கட்டுரையா எழுதியிருந்தா நாலு பேர் படிச்சிருப்பாங்க.

இன்னொரு சரடு கோடக். உலகத்துல எந்த ஊருக்குப் போனாலும் மஞ்சள் சிவப்புல அந்த போர்டு தொங்கும், சின்ன போட்டோ கடை, ஃபிலிம் விக்கறது, கழுவறது, பாஸ்போர்ட் சைஸ் எடுக்கறது. அந்த கடைகளுக்கும் இந்த வேலையில இடம் கொடுத்திருக்காங்க. வேடிக்கை என்னன்னா 1998-ல ஆரம்பிக்கும்போது ஃபிலிம்தான் ராஜா, 2009-ல முடிக்கும்போது கோடக் கம்பெனியே கோடாக்ரோம் ஃபிலிமை நிறுத்திட்டாங்க, 2012 ஜனவரியில கம்பெனி திவால் மனு போட்டுச்சு. கருப்பு வெள்ளை ப்ரிண்ட் பேப்பரை அவங்க 2005-லயே நிறுத்தியாச்சு. ஆக, மூடிக்கிட்டிருக்கற கடைகளை எடுக்கறவங்களோட சரக்கும் கடையில இல்லாம போய்க்கிட்டே இருந்துச்சு. இவங்களும் ஒரு வாடிக்கையாளர்தான், ஃபிலிம் வாங்க வந்த வாடிக்கையாளர். தள்ளி நின்னு பரிதாபப்படற தொனி இதுல வராததுக்கு இதுவும் ஒரு காரணம்னு தோணுது.

சரி, ஸ்ட்ரீட் வியூ. அது வந்தது 2007 மே மாசம், முதல்ல விட்ட அஞ்சு ஊர்ல நியூயார்க்கும் ஒண்ணு. அதாவது 'அனலாக்' காஸல்ல மாட்டின அதே கோடைக்காலம். நீங்க சொல்ற மாதிரி அதுலயும் எல்லா கடையும் இருக்கு, பழைய தேதிக்கு போய் பார்க்கற வசதியும் இப்ப இருக்கு, எந்தக் கடை எப்ப போச்சுன்னு தேடறவங்களுக்கு அது பெரிய புதையல், நானும் அதுல மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கேன். ஆனா கார் எல்லாத்தையும் எடுக்கும், எதையும் எதுக்கும் பக்கத்துல வைக்காது. ப்ரூக்ளின் மூட்டையையும் கம்பாலா சட்டையையும் பக்கத்து பக்கத்துல வைக்கறதுக்கு ஒரு ஆள் முடிவு பண்ணணும். மேப்ல தேடினா அட்ரஸ் கிடைக்கும், இது கிடைக்காது. கலை எங்க இருக்குன்னு கேட்டீங்க, என் வரைக்கும் அந்த அடுக்கல்ல இருக்கு. தனித்தனியா எடுத்தா பல படங்கள் சாதாரணமாத்தான் இருக்கும், அதை ஒத்துக்கறதுல எனக்கு வெட்கம் இல்ல, தள்ளுவண்டியில டிவி பெட்டி இருக்கற அந்த ஒரு படம் மாதிரி தனியா நிக்கறது கொஞ்சம்தான்.

குறைன்னு பார்த்தா ரெண்டு சொல்லலாம். ஒண்ணு நீங்க சொன்னதேதான், ஆள் இல்ல. கடைக்காரர் யாரு, வாடகை எவ்வளவு ஏத்தினாங்க, அவர் இப்ப எங்க, எதுவும் தெரியாது. பொருள் மூலமாவே சொல்லணும்ங்கறது அவங்க எடுத்த முடிவு, சோக முகத்தை குளோசப்ல காட்டி கண்ணீர் வாங்கற வேலை இல்லாம போனது நல்லதுதான். ஆனா கம்பாலாவுல பேலை பிரிச்சு உட்கார்ந்திருக்கற அந்த வியாபாரி நல்ல பிசினஸ்காரி, அவங்க மூளை எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு வரியாவது வந்திருக்கலாம்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. ஆபட்டோட படங்களுக்கு எலிசபெத் மெக்காஸ்லண்ட் கூடவே குறிப்பு எழுதினாங்க, எந்தக் கட்டடம், என்ன தொழில்னு. இங்க அது கிடையாது.

ரெண்டாவது கொஞ்சம் நெருடலான விஷயம். ஆர்ட்டிஸ்ட் குடி வந்தா பின்னாடியே கேலரி வரும், கேலரி வந்தா காபி கடை வரும், அப்புறம் கண்ணாடி மாடி வரும். நியூயார்க்ல சோஹோவுல அதுதான் நடந்துச்சு, லோயர் ஈஸ்ட் சைடுலயும் அதேதான். 2007 டிசம்பர்ல நியூ மியூசியம் பவரியில புது கட்டடத்துல திறந்துச்சு, ஹோட்டல் சமையல் பாத்திரம் விக்கற கடைகளுக்கு நடுவுல. சிபிஜிபி ராக் கிளப் 2006-ல மூடி அந்த இடத்துல விலை ஒசந்த ஆண்கள் துணிக்கடை வந்துச்சு. ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட்ல சூட்கேஸ் கடை இருந்த மாதிரி இடங்கள்ல இப்ப ஆர்ட் கேலரிங்க. அப்போ இந்தக் கடைகளை படம் எடுத்து மியூசியத்துக்கு வித்தவங்களும் இந்த மாற்றத்துல ஒரு கண்ணிதானே? ஆமா, கண்ணிதான். லியோனார்டை மட்டும் இதுக்கு கூண்டுல ஏத்தறது அநியாயம், வாடகை ஏத்தினது அவங்க இல்ல. ஆனா இந்தக் கேள்வியை கேட்காம 'அனலாக்' பத்தி பேசறவங்களை நான் அவ்வளவா நம்பறதில்ல.

எப்படி பார்க்கறதுன்னு ஒரு சின்ன யோசனை. மியூசியம் சைட்ல ஒவ்வொரு படமா கிளிக் பண்ணி பார்த்திருப்பீங்க, அதான் போரடிச்சிருக்கு. படத்தைத் தேடாம, கண்காட்சி அறையோட செவுத்தை எடுத்த போட்டோவைத் தேடுங்க, ஒரு கட்டம் எங்க முடியுது அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க, துணி வர்ற அத்தியாயங்களை மட்டும் தனியா புடிச்சு ப்ரூக்ளின்ல இருந்து கம்பாலா வரைக்கும் ஒரு தடவை போங்க. ஷட்டர், போர்டெல்லாம் அப்புறமா பார்த்துக்கலாம்.